இரண்டாம் நம்பர் துப்பாக்கி

எதையும் அளந்து பார்க்காமல் நம்புவது எனக்குப் பழக்கமில்லை. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். மீதி ஆயுளுக்காக சூளகிரிப் பக்கம் நாலு லேத் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருக்கிறேன். "நீங்க சாம்பாருக்கே கேஜ் விட்டுப் பாக்குற ஆளு" என்பாள் என் மனைவி. சாத்தூரிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த நண்பன் ஒருவன்தான். அவன் என்னை ஏமாற்றுகிறானா இல்லையா என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் கவலையாக இருந்தது.

அவனுக்கு சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி ரோஜாத் தோட்டம். வீட்டில் தெலுங்கு, பூ மண்டியில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றும் தண்ணீர் மாதிரி ஓடும். என்னைவிட ரெண்டு மூன்று வயது இளையவன் என்பதால் 'அண்ணா' என்பான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சுடும் மைதானத்தில்தான் எங்களுக்குப் பழக்கம். மண் தட்டுகளை ஒரு இயந்திரம் வானத்தில் வீசும். நாம் குரல் கொடுத்ததும் தட்டு கிளம்பும், அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அதைத் தாண்டி அந்த விளையாட்டில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பெண்கள் எங்களைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

எனக்கு அதற்கு மேலும் ஒரு கிறுக்கு உண்டு. பக்கம் பக்கமாகக் குழல் வைத்த பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிகள். அந்தக் காலத்து ஆள் ஒருவன் அரத்தால் ராவி ராவிச் சேர்த்த இரும்பு அது. மூடினால் இடுக்கில் தலைமுடி போகாது. நான் கம்ப்யூட்டர் மிஷின் வைத்துக்கொண்டு அந்தப் பொருத்தம் வராமல் பார்ட்டியிடம் திட்டு வாங்குகிறேன். எத்தனை கண்ணில் பட்டாலும் வாங்கிச் சேர்க்க முடியாது. சட்டப்படி ஒரு லைசென்ஸில் ரெண்டு துப்பாக்கிதான். அதனால் எங்களைப் போன்றவர்களின் சேகரிப்பு பெரும்பாலும் கண்ணாலும் வாயாலும் நடப்பது. யாரிடம் எது இருக்கிறது, யார் எதை விற்கப் போகிறார் என்று ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டே இருப்போம். அப்போது என்னிடம் ஒரு புதுத் துப்பாக்கி இருந்தது. இன்னொன்றுக்குத்தான் இடம்.

ஒரு நாள் பட்டறையில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தளிப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெண்மணி. பெங்களூரில் வேலை பார்ப்பவர். இறந்துபோன அப்பாவின் துப்பாக்கி வாரிசு முறையில் இவர் பேருக்கு வந்திருக்கிறது, வைத்துக்கொள்ள விருப்பமில்லை, யாரோ என் நம்பரைக் கொடுத்தார்களாம். கன்னடமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசினார். எனக்குக் கன்னடம் வராது, ஆனால் 'கோவி' என்றால் துப்பாக்கி என்பது தெரியும். "ஜோடி... கோவி இருக்கு சார்" என்றது காதில் விழுந்தது. நடுவில் இருந்த வார்த்தையை லேத் தின்றுவிட்டது.

ஜோடி! பழைய வெள்ளைக்காரப் பிரபுக்கள் ஒரே அச்சில் ரெண்டு துப்பாக்கி செய்யச் சொல்வார்கள். ஒன்றில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஆள் மற்றதில் தோட்டா நிரப்பித் தருவான். அவற்றில் ஒன்று, இரண்டு என்று தங்கத்தில் எண் பதித்திருக்கும். அப்படி ஒரு ஜோடி சேர்ந்தாற்போல் கிடைப்பது குதிரைக் கொம்பு. போனை வைத்ததும் நண்பனைக் கூப்பிட்டு, "ஒரு ஜோடி இருக்காம்யா, ரெண்டு துப்பாக்கி" என்றேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது. ஆனால் கன்னடம் பேச அவன் வேண்டுமே.

போனோம். அந்தப் பெண்மணி பீரோவிலிருந்து எடுத்து வைத்தது ஒரே ஒரு துப்பாக்கி. இரண்டு குழலும் சேரும் இடத்தில், மேலே, தங்கத்தில் '2' என்று இருந்தது. இரண்டாம் நம்பர் இருந்தால் ஒண்ணாம் நம்பர் இருந்தே ஆக வேண்டும்.

"ஜோடி எங்கம்மா?" என்றேன்.

"இதே சார் ஜோடி" என்று அதையே காட்டினார். சொன்னபோது அவர் முகம் கதவைச் சாத்திக்கொண்டது போல ஆகிவிட்டது. கணக்கில் காட்டாத துப்பாக்கி ஒன்று இருக்கிறதா என்று முன்பின் தெரியாத ஆள் கேட்டால் யார் முகமும் அப்படித்தான் ஆகும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

குழலைத் தனியாகக் கழற்றி விரலில் தொங்கவிட்டுச் சுண்டினேன். பழைய குழல் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிற மாதிரிதான். கணீரென்று நீளமாகக் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. என் நண்பனும் அந்தப் பெண்மணியும் வாசலில் நின்று தணிந்த குரலில் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னய்யா?" என்றேன்.

"ஒன்னுமில்லண்ணா. பேப்பரெல்லாம் சரியா இருக்குதான்னு கேட்டன்."

பேப்பர் என் கையில் இருந்தது. அவன் எதற்கு அவரிடம் கேட்க வேண்டும்? திரும்பி வரும்போது காரில் அவன் வழக்கம்போல் பேசவில்லை. தொரப்பள்ளி தாண்டும்வரை ஜன்னல் வழியே தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். 'ஒண்ணாம் நம்பரை இவன் அமுக்கப் பார்க்கிறான்' என்ற எண்ணம் அந்தக் காரில்தான் எனக்குள் ஏறி உட்கார்ந்தது.

கலெக்டர் ஆபீஸ் நடைமுறை எல்லாம் முடிந்து இரண்டாம் நம்பர் என் லைசென்ஸில் ஏறியது. ஊரில் அதற்காக சந்தோஷப்படாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜோடியில் ஒன்று மட்டும் கையில் இருப்பது, ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பது மாதிரி. ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. ஒரு ஆசாரியைப் பிடித்து தேக்கில் பெட்டி செய்யச் சொன்னேன். உள்ளே பச்சைத் துணி ஒட்டி, துப்பாக்கி படுக்க ரெண்டு பள்ளம். "ஒன்னுதான இருக்கு, ரெண்டு எதுக்கு?" என்றாள் மனைவி. "வரும்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே பெட்டியைத் திறந்து காட்டினேன். இரண்டாம் நம்பர் அன்று துடைப்பதற்காக மேஜைமேல் இருந்தது. காலியாக இருந்த ரெண்டு பள்ளத்தையும் அவன் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டுக்கு செஞ்சிருக்கீங்க."

"ஆமா. ஜோடின்னா ரெண்டுதான?" என்று அவன் கண்ணையே பார்த்தேன்.

அவன் கண்ணை எடுத்துக்கொண்டான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ரோஜாவுக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது என்று எழுந்தான். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆள் மருந்தடிக்க வருவான்? திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் கொட்டுன மாதிரி இருக்கு" என்றாள்.

போகிற போக்கில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்: "உங்க லைசென்ஸ்ல எடம் ஃபுல்லாயிடுச்சில்லண்ணா?"

"ஆமா. ஏன் கேக்குற?"

"சும்மாதான் கேட்டன்."

சும்மா கேட்பவன் வாசலில் நின்று கேட்பானா! எனக்கு இடமில்லை என்று உறுதி செய்துகொள்கிறான். ஒண்ணாம் நம்பர் வெளியே வந்தாலும் நான் வாங்க முடியாது என்று அவனுக்கு ஒரு நிம்மதி. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

கொஞ்ச நாளில் அடுத்த செய்தி வந்தது. அவன் தன் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றைப் பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டான். அதுவும் சாதாரணத் துப்பாக்கி இல்லை. அவன் தோளுக்கென்றே செய்தது போல உட்காரும் ரெட்டைக்குழல். அதை எடுத்தால் அவன் தட்டைத் தவறவிட்டு நான் பார்த்தது குறைவு. அதை ஏன் கொடுத்தாய் என்று போனில் கேட்டேன். "வெச்சி என்னாத்துக்குண்ணா, ரெண்டு எதுக்கு" என்று மழுப்பினான். எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. லைசென்ஸில் ஓர் இடம் காலி செய்திருக்கிறான். ஒண்ணாம் நம்பர் அங்கேதான் ஏறப் போகிறது. ஒண்ணாம் நம்பர் கைவிட்டுப் போனதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவன் இப்படிச் செய்கிறானே என்பதுதான் வலித்தது.

அந்த வருட இரட்டையர் போட்டி இந்த லட்சணத்தில்தான் வந்தது. பழைய ரெட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மைதானத்தில் நடத்துவது. ரெண்டு பேர் சேர்ந்து நிற்க வேண்டும். தட்டு கிளம்பியதும் முன்னவர் சுடுவார், அவர் விட்டால் அதே தட்டைப் பின்னவர் அடிக்கலாம். அவசரப்படாமல் காத்திருக்கத் தெரிந்தவன்தான் பின்னவனாக நிற்க முடியும். வருடா வருடம் நான்தான் பின்னவன். அவன் கையில் கழித்தது போக மிச்சமிருந்த துப்பாக்கி. என் கையில் இரண்டாம் நம்பர். அன்று அவன் சுடும்வரை எனக்குக் காத்திருக்க முடியவில்லை. அவன் துப்பாக்கி தோளுக்குப் போகும்போதே என்னுடையது வெடித்தது. நடுவர் எச்சரித்தார். அதன் பிறகும் வெடித்தது. எங்களைக் கழித்துவிட்டார்கள்.

"என்னாச்சிண்ணா?" என்றான்.

"கை வழுக்கிருச்சு."

"எனக்கு டைம் குடுக்கவே இல்ல நீங்க" என்று மட்டும் சொன்னான். அவன் திரும்பிப் போனதும் அவன் காரின் பின் சீட்டை எட்டிப் பார்த்தேன். நீளமான உறை எதுவும் தெரிகிறதா என்று. பூ கட்டுகிற நார் மட்டும் கிடந்தது.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். போட்டியில் சுடுகிறவர்கள் விலக்கு கேட்டு எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் எழுதுவோம். இந்தத் தடவை நான் எழுதவில்லை. ஏனென்றால் ஒளித்து வைத்தது எதுவானாலும் அன்று வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும். மண்டியில் அவனோடு வேலை பார்ப்பவரிடம் நைசாக விசாரித்தேன். அவனும் விலக்குக் கேட்கவில்லை, வியாழக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போகிறான் என்று தெரிந்தது. நானும் வியாழக்கிழமையே கிளம்பினேன்.

ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். போர்வையில் சுற்றியது, கோணிப்பையில் செருகியது, ரெக்சின் உறையில் வைத்தது என்று ஆளுக்கொரு துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அவன். மடியில் ஒரு உறை. எனக்கு அந்த உறைக்குள் பார்க்க வேண்டும் என்று கண் அரித்தது. அவன் பார்வையும் என் பக்கம் இருந்தது. நான் கையில் கொண்டுவந்த ரெண்டு உறைகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"வாங்கண்ணா. நீங்க விலக்கு எழுதிக் குடுக்கலியா?"

"மறந்துட்டேன். நீ?"

"நானும் மறந்துட்டன்."

இரண்டு பேரும் மறக்கிற ஜாதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் முறை வந்தது. "நீங்க போங்கண்ணா" என்றான். "நீ போய்யா, நீதான முன்னாடி வந்த" என்றேன். அவன் பின்னால் வந்தவரை முன்னே அனுப்பினான். அடுத்த முறை வந்தது. நான் ஒருவரை அனுப்பினேன். மற்றவன் உறையைத் திறப்பதைப் பார்க்காமல் நகர்வதில்லை என்று ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கி வந்த கான்ஸ்டபிள் "நீங்க ரெண்டு பேரும் ஒப்படைக்க வந்தீங்களா, வேடிக்க பாக்க வந்தீங்களா?" என்றார்.

அப்போது மேஜை முன்னால் மலைப்பக்கத்து விவசாயி ஒருவர் நின்றார். யானை இறங்கினால் சத்தம் காட்ட வைத்திருக்கிற பழைய துப்பாக்கி. கொடுக்க மனமே இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தெற்கத்தி ஆள். பேச்சிலேயே தெரிந்தது.

"எத்தனை?"

"ஒந்தே ஸ்வாமி. ஜோடி நளிகெ கோவி."

"ஜோடியா? ஜோடின்னா ரெண்டுல்லா இருக்கணும்? இன்னொண்ண எங்கவே?"

விவசாயி மிரண்டுபோய் இதுதான் ஜோடி, இதேதான் என்று கையிலிருந்ததையே தட்டித் தட்டிக் காட்டினார். போலீஸ்காரர் குரலை உயர்த்தினார். என் நண்பன் எழுந்து போனான்.

"சார், சார். நளிகென்னா குழலு. ஜோடி நளிகெ கோவின்னா ரெட்டக் குழல் துப்பாக்கி. துப்பாக்கி ஒன்னுதான். குழலுதான் ரெண்டு."

லேத் தின்ற வார்த்தை எது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பெண்மணியிடம் ஒண்ணாம் நம்பர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது எந்த ஊரில், எவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். விஷயம் பிடிபட்ட முகம் அவனுக்கும்.

"அண்ணா, அன்னிக்கி போன்ல அந்தம்மா என்னா சொல்லிச்சி? அதே வார்த்தையில சொல்லுங்க."

"ஜோடி... நடுவுல ஒண்ணு... கோவி."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கான்ஸ்டபிள் முறைத்த பிறகும் அடக்க முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பெஞ்ச் குலுங்கியது. பல மாதப் பாரம் இறங்கிய சிரிப்பு. அதே வேகத்தில், "நீ ஒண்ணாம் நம்பர வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன்யா" என்று நானே சொல்லிவிட்டேன்.

"நானா?" சிரிப்பு அவன் வாயிலேயே நின்றது. "நீங்க ஜோடின்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனீங்க? அங்க பாத்தா ஒன்னுதான் இருக்குது. இன்னொன்னு எங்கன்னு அந்தம்மாவ வாசல்ல கூப்ட்டுக் கேட்டன். எங்கிட்ட இருக்கறது இதுதான், மிச்சத்தெல்லாம் சார்கிட்ட போன்லயே பேசிட்டன்னு சொல்லிச்சி. சரி, அண்ணன் முன்னாடியே வந்து ஒன்ன எடுத்துட்டாருன்னு நெனச்சன். அப்புறம் பெட்டியில ரெண்டு பள்ளம்."

"அப்ப நீயும் என்னய சந்தேகப்பட்டிருக்க."

"பட்டன்ணா. எடுத்துட்டுப் போட்டும், உங்க காசு. ஆனா உங்க லைசென்ஸ்ல எடம் கெடையாது. யார் பேர்லயாச்சும்தான் வெக்கணும். நம்மகிட்டதான் கேப்பாருன்னு நெனச்சன். கேக்கும்போது எடம் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னுதான் என்னுத அந்த வியாபாரிகிட்ட குடுத்தன். நீங்க கேக்கவே இல்ல. அண்ணன் வேற யார இவ்ளோ நம்பறாரு, ஒன்னாம் நம்பர யாரு கொண்டாந்து வெக்கறாங்கன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் இன்னிக்கி வந்தன்."

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறி, காது கொதித்தது. அவமானம் என்று அதைச் சொல்வதுகூடக் குறைவு.

"அத திரும்ப வாங்கிரலாம்யா. நாளைக்கே பெங்களூர் போவோம்" என்றேன்.

"அன்னிக்கே வித்துப் போச்சிண்ணா. குடகுக்காரர் ஒருத்தர் வாங்கினாராம். சுட்டுப் பாத்துட்டு விடவே மாட்டன்னுட்டாராம்."

மேஜையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை அவன் எனக்கு வழி விடவில்லை. எழுந்து போய் உறையைத் திறந்து, போட்டியில் நான் நேரம் கொடுக்காத அந்தத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான்.

போலீஸ்காரர் பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தார். "போன எலக்‌ஷனுக்கு ரெண்டு குடுத்திருக்கீங்க. இன்னொண்ணு?"

"இப்ப ஒன்னுதான் சார்" என்றான்.

நான் ரெண்டு துப்பாக்கிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.